கொஞ்சம் தீய்ந்த தாளிப்பு

என் மதியச் சாப்பாட்டை இன்னொருத்தியும் சாப்பிடுகிறாள் என்பதை அம்மா கத்தரிக்காயை வைத்துத்தான் கண்டுபிடித்தாள்.

எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது. பள்ளிக்கூட நாட்களிலிருந்தே சாம்பார் சாதத்தில் வரும் கத்தரிக்காயை ஓரமாக ஒதுக்கி, மூடியைப் போட்டு, சாயங்காலம் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். அம்மா திட்டிக்கொண்டே கொட்டுவாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் தொடங்கிக் கொஞ்ச நாளில், டப்பா துடைத்து வைத்தது போலத் திரும்பி வர ஆரம்பித்தது. ஒரு நாள் பாத்திரம் துலக்க உட்கார்ந்தவள் டப்பாவைத் திறந்து உள்பக்கத்தை என்னிடம் காட்டினாள்.

"யாருடி சாப்பிடுறா இத?"

"நான்தான்."

"கத்திரிக்காயவா? நீயா?"

சொல்ல வேண்டியதாகிவிட்டது.

அவள் என் வகுப்புத் தோழி. ஆம்பூருக்குப் பக்கத்திலிருந்து படிக்க வந்தவள். அவளுடைய அம்மா ஷூ கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். விடுதியில் இடம் கிடைக்காததால் பெருங்களத்தூரில் ஒரு மாடி அறையில் இன்னும் சில பெண்களோடு தங்கியிருந்தாள். அங்கே சமைக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் முதல் நிபந்தனை. துணி அலமாரிக்குள் ஒரு எலக்ட்ரிக் கெட்டிலை ஒளித்து வைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு, அதில் நூடுல்ஸும் முட்டையும் வேக வைப்பார்களாம். துணியெல்லாம் மசாலா வாசனை அடிக்கும். எங்கள் வகுப்பில் சிலர் அதை வைத்து அவளைக் கிண்டல் செய்திருக்கிறார்கள்.

"வாடகைய கொறைக்க முடியாது, ஃபீஸ கொறைக்க முடியாது, ட்ரெயின் பாஸ கொறைக்க முடியாது. கைய வெக்கக்கூடிய ஒரே எடம் வயிறுதான்" என்று பின்னால் ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

அவள் என்னோடு சாப்பிட ஆரம்பிப்பதற்கு முன்பு இதெல்லாம் எனக்குத் தெரியாது. எந்தத் துறையில் கருத்தரங்கு நடந்தாலும் அவள் போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவாள் என்பது மட்டும் தெரியும். கடைசியில் கொடுக்கும் சமோசாவுக்காக, பெரிய கருத்தரங்கென்றால் சாப்பாட்டுப் பொட்டலத்துக்காகப் போகிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. வணிகவியல் துறை வரி பற்றி நடத்திய கருத்தரங்கில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒரே வேதியியல் மாணவி அவள்தான். படிப்பில் அவ்வளவு ஆர்வம் என்று நினைத்தேன். மதிய இடைவேளையில் தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று பாட்டிலோடு போவாள். மணி அடிக்கும்போதுதான் வருவாள். யாரையோ காதலிக்கிறாள் என்று நினைத்தேன்.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் வரும் போல இருந்தது. வாயில் எதையும் வைக்க முடியவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பியவளைக் கூப்பிட்டு, "நீ சாப்பிட்டுடேன். அப்படியே எடுத்துட்டுப் போனா அம்மா திட்டுவாங்க" என்றேன்.

கொஞ்சம் தயங்கிவிட்டு உட்கார்ந்தாள். முதலில் கத்தரிக்காயைத்தான் எடுத்தாள். வேகமாகச் சாப்பிட்டாள். பாதியில் நிறுத்தி, "எங்க ஸ்கூல்ல மத்தியானம் முட்டையோட சாப்பாடு போடுவாங்க. பத்தாவது வரைக்கும் சாப்பிட்டேன். அதுக்கப்புறம் பசிக்காதுன்னு நெனச்சுட்டாங்க போல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மறுநாளிலிருந்து நான் அவளைப் பாட்டிலோடு போக விடவில்லை.

இதை எல்லாம் அன்று பாத்திரம் துலக்கும் இடத்தில் நின்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா தேய்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலை என் டப்பா இருந்த இடத்தில், பரணிலிருந்து இறக்கிய ஒரு பழைய அடுக்குக் கேரியர் இருந்தது.

"அவ மீன் சாப்பிடுவாளா?"

"தெரியலையே."

"கேட்டுட்டு வா. காரம் தாங்குவாளான்னும் கேளு."

அப்புறம் ஒரு வருடத்துக்கும் மேலாக இரண்டு பேருக்குச் சாப்பாடு போனது. அம்மா அவளை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. போனில் ஒரே ஒரு தடவை பேசினாள். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு கிட்ட குடு" என்றாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னம்மா, உப்பு சரியா இருக்குதா?"

"நல்லா இருக்குங்க ஆன்ட்டி."

"பொய் சொல்லாத. இன்னிக்கு உப்பு தூக்கல். நான் இப்பத்தான் வாயில வெச்சேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "கொஞ்சம் தூக்கல்தாங்க" என்று மெதுவாகச் சொன்னாள். அந்தப் பக்கம் அம்மா சிரித்தது கேட்டது. அவ்வளவுதான். அதற்குள் ஒரு விமானம் எங்கள் வீட்டுக்கு மேலே போயிருக்க வேண்டும். அம்மாவின் குரல் அமுங்கிவிட்டது.

பொழிச்சலூரில் எங்கள் வீடு விமானங்கள் இறங்கும் பாதைக்குக் கீழே இருக்கிறது. பேசிக்கொண்டே இருப்போம், சத்தம் வந்தால் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். வெளியிலிருந்து வருகிறவர்கள்தான் மேலே பார்ப்பார்கள். அப்பாவுக்கு வேலையும் அந்த விமானங்களில்தான். விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். பயணிகள் தொடாமல் விட்ட தட்டுகளைக்கூட வெளியே கொண்டுவரக் கூடாது. அங்கேயே அழித்துவிட வேண்டும். அந்தச் சாப்பாட்டு வாசனையிலேயே எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருவதாலோ என்னவோ, அவருக்கு வெளிச் சாப்பாடு எதுவும் இறங்காது. அம்மா சமைத்ததைத்தான் சாப்பிடுவார்.

அம்மா பிரமாதமாகச் சமைக்கிறவள் என்று சொல்ல முடியாது. காலை நேரத்தில் அவளுக்கு ஒரே ஓட்டம். அடுப்பில் எண்ணெயை வைத்துக் கடுகைப் போட்டுவிட்டு மோட்டாரை நிறுத்த ஓடுவாள். திரும்பி வருவதற்குள் கடுகும் வெந்தயமும் கறுத்திருக்கும். இரவு ஷிஃப்ட் முடித்து வந்து படுத்திருக்கும் அப்பா, வாசனை மூக்கில் ஏறியதும் கண்ணைத் திறக்காமலே, "ஏய், அடுப்பப் பாரு" என்பார். "பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்று அம்மா வாசலிலிருந்து சத்தம் போடுவாள். பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். இது எங்கள் வீட்டில் தினசரி நடக்கும். எப்போதும் தீய்த்துவிடுகிறாய் என்று நானும் சண்டை போட்டிருக்கிறேன்.

அம்மா இறந்தது ஒரு புதன்கிழமை. நாங்கள் லேபுக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் கேரியரைத் திறந்து வைத்திருந்தோம். மேல் தட்டில் உருளைக்கிழங்குப் பொரியல், கீழே வத்தக்குழம்பு ஊற்றிப் பிசைந்த சாதம். நான் ஒரு வாய்தான் எடுத்திருப்பேன். பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார். "அம்மா மயங்கி விழுந்துட்டாங்கடா. ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போயிருக்கோம். நீ நேரா அங்க வந்துடு." கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்காக நிற்கும்போது விரல்களில் குழம்பு காய்ந்து இழுத்தது. அதைக் கழுவத் தோன்றவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் போனபோது அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முந்தின நாள் அம்மா இட்லிக்கு அரைத்து வைத்திருந்தாள். அந்தக் கூட்டத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. மறுநாள் காலை நான் சமையலறைக்குள் போனபோது மாவு பொங்கி, மூடியைத் தள்ளிவிட்டு, மேடையெல்லாம் வழிந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. ஹாலில் அம்மா ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள். இங்கே அவள் கை பட்ட மாவு இன்னும் மேலே வந்துகொண்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் அத்தை ஓடிவந்து, என்னை வெளியே அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் வழித்துக் கொட்டினார்.

என் தோழி அடக்கத்துக்கு வந்திருந்தாள். வகுப்புப் பெண்களோடு தெருவில் ஷாமியானாவுக்கு வெளியே நின்றாள். கையில் எங்கள் கேரியர் இருந்தது. கழுவித் துடைத்து ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் கடைசிவரை வைத்துக்கொண்டே நின்றாள். யாருக்கோ சாப்பாடு கொண்டுவந்திருக்கும் பெண் என்று நினைத்து ஒருவர், "இங்க இன்னும் எடுக்கல, இப்ப சாப்பாடு கூடாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அப்புறம் எப்போதோ பக்கத்து வீட்டு அக்கா வாங்கி உள்ளே வைத்திருக்கிறார். காரியம் எல்லாம் முடிந்த பிறகு சமையலறை அலமாரியில் அதைப் பார்த்தேன்.

மறுபடி கல்லூரிக்குப் போன நாளில் நான் மதியத்துக்கு எதுவும் கொண்டுபோகவில்லை. அதே மரத்தடியில் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவளே ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு நீ ஓடினப்புறம் நான் சாப்பிடல. மூடி வெச்சுட்டேன். ரூமுக்கு எடுத்துட்டுப் போனேன். அப்பத்தான் மெசேஜ் வந்துச்சு."

நான் அவளைப் பார்த்தேன்.

"ரொம்ப அழுதேன். அழுதுட்டே இருந்தேன். அப்புறம் பசிச்சுது. சாப்பிட்டுட்டேன். எல்லாத்தையும். லேசா புளிச்சிருந்துச்சு. அது நீ சாப்பிட வேண்டியது. கடைசியா செஞ்சது."

"பரவால்ல."

"இன்னொண்ணு சொல்லணும். நான் அழுதது அவங்களுக்கா, மறுநாள் மத்தியானத்துக்கான்னு எனக்கே தெரியல. அதான் பக்கத்துல வந்து பாக்க முடியல."

எனக்குக் கோபம் வரவில்லை. வந்தது பொறாமை. அம்மாவின் கடைசிச் சமையலை முழுதாகச் சாப்பிட்டவள் அவள். என்னிடம் அந்த ஒரு வாய்தான் இருந்தது. அதன் ருசியும் ஞாபகத்தில் இல்லை.

வீட்டில் அத்தை கொஞ்ச நாள் தங்கிச் சமைத்தார். அவர் கைப்பக்குவத்தை எல்லோரும் புகழ்வார்கள். கடுகு பொரிந்த உடனே இறக்குவார். எல்லாம் அளவாக இருக்கும். அப்பா நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டிலேயே கை கழுவிவிடுவார். இரவு வேலைக்குப் போய்வந்து பகலில் படுப்பார். ஆனால் தூங்க மாட்டார். கண்ணைத் திறந்துகொண்டு ஃபேனைப் பார்த்தபடி கிடப்பார். அத்தை ஊருக்குப் போன பிறகு நான் சமைத்தேன். அதை என்னாலேயே சாப்பிட முடியவில்லை.

இதைக் கேட்டதும் தோழி, "நான் ஒரு நாள் வந்து செஞ்சு பாக்கட்டுமா?" என்றாள். "வத்தக்குழம்பு. அது எப்படி இருக்கும்னு எனக்கு நல்லா தெரியும்."

அடுத்த சனிக்கிழமை காலை வந்தாள். முதல்முறையாக எங்கள் வீட்டுக்குள் வந்தாள். சமையலறையில் நின்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்து பார்த்தாள். குழம்பு நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஒரு துளியைக் கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "இது இல்ல" என்றாள்.

"என்ன கொறையுது?"

"தெரியல. உங்கம்மா சமைக்கும்போது நீ பக்கத்துல நின்னு பாத்ததே இல்லையா?"

"நான் குளிச்சிட்டிருப்பேன்."

அன்றும் அப்பா பாதியில் எழுந்துகொண்டார்.

அதற்கடுத்த வாரமும் வந்தாள். அப்பா வேலையிலிருந்து வந்து உள்ளறையில் படுத்திருந்தார். நான் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எண்ணெயில் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. வெந்தயம் போடும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் புளியைக் கரைத்து ஊற்ற வேண்டும். ஊற்றும் சத்தம் வரவில்லை. மறந்துவிட்டாளோ என்று நிமிர்ந்து பார்த்தேன். அடுப்புக்கு முன்னால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். கடுகு கறுத்துக்கொண்டிருந்தது. அந்த வாசனை ஹாலுக்கு வந்து, என்னைத் தாண்டி, உள்ளறைக்குள் போனது.

"ஏய், அடுப்பப் பாரு."

அப்பாவின் குரல். தூக்கத்திலிருந்து வந்த குரல்.

"பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்றாள் அவள்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. யாரோ சொன்னார்கள், பதில் சொன்னாள். அவ்வளவுதான். புளித்தண்ணீரை ஊற்றினாள், சட்டி சீறியது. மேலே ஒரு விமானம் இறங்கியது. அது போய்ச் சேரும்வரை நான் கையில் அம்மாவின் நைட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா எழுந்து வருவார், ஏதாவது ஆகும் என்று பயந்தேன். எட்டிப் பார்த்தேன். அவர் பக்கவாட்டில் திரும்பிப் படுத்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா போன பிறகு அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. மத்தியானம் நன்றாகத் தாண்டித்தான் எழுந்தார். தட்டு நிறையச் சாப்பிட்டார். மறுசோறு கேட்டார். யார் சமைத்தது என்று கேட்கவில்லை. தூக்கத்தில் என்ன சொன்னார் என்பதை நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

"வேணும்னேதான் தீய விட்டியா?" என்று அவளைக் கேட்டேன்.

"ஆமா. கடைசியில ஒரு கசப்பு வரும் இல்ல, அதான். எனக்கு ரொம்ப புடிக்கும்."

அதற்குப் பிறகு வாரக் கடைசிகளில் தவறாமல் வந்தாள். சில நாள் வெள்ளிக்கிழமையே வந்து தங்கிவிடுவாள். அப்பாவின் முகத்தில் சதை பிடித்தது. அவளுக்கும்தான். வீட்டில் குக்கர் சத்தம், பாத்திரம் உருளும் சத்தம் எல்லாம் பழையபடி கேட்டன. எனக்குத்தான் ஏதோ ஆகத் தொடங்கியது.

சனிக்கிழமை காலையில் அந்த வாசனையில் விழிப்பேன். கண் திறப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் எனக்கு அம்மா இருப்பாள். அப்புறம் ஞாபகம் வரும். ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டு அக்காவின் போன் அப்போதுதான் வந்தது போல இருக்கும். ஒரு நாள் குளித்துக்கொண்டிருந்தபோது, "அம்மா, துண்டு" என்று கத்திவிட்டேன். கதவைத் தட்டி, இடுக்கு வழியாக ஒரு ஈரக் கை துண்டை நீட்டியது. வாங்கிக்கொண்டேன். உள்ளே குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வாளியில் வழிய வழிய நின்றேன். சமையலறை வாசலில் போய் நின்று அடுப்பருகில் இருப்பது யார் என்று பார்க்கும் பழக்கம் அதிலிருந்துதான் வந்தது. தோளில் அம்மாவின் கைப்பிடித் துணியைப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி நிற்பாள். திரும்பும்வரை எனக்கு மூச்சு வராது.

ஒருநாள் தாங்க முடியாமல், "கொஞ்சம் தீயாம செய்யேன்" என்றேன்.

அவள் அடுப்பைச் சின்னதாக்கினாள். புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்.

"செய்யறேன். ஆனா உங்கப்பா சாப்பிட மாட்டாரு. உன்கிட்ட மறைக்க மாட்டேன். எனக்கு இங்க வயிறு நிறைய சோறு கெடைக்குது. அதுக்காகவும்தான் வர்றேன். ஒனக்கு கஷ்டமா இருந்தா சொல்லிடு, வரல."

வா என்றுதான் சொன்னேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

அதை நிறுத்தியது அத்தைதான். ஒரு சனிக்கிழமை சொல்லாமல் வந்து இறங்கினார். சமையலறையில் அவளைப் பார்த்தார். உள்ளறையில் தூங்கும் அண்ணனைப் பார்த்தார். என்னை வாசலுக்கு அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார். ஆனால் அவர் தாழ்த்திப் பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

"பொம்பள இல்லாத வீடு இது. வயசுப் பொண்ணு வந்து ராத்தங்கி ஆக்கிப் போட்டுட்டிருந்தா நாலு பேரு என்ன பேசுவாங்க? ஒனக்குத்தான் புத்தி இல்ல, அந்தப் பொண்ணோட அம்மாவுக்குத் தெரியுமா இது?"

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. அன்று சமையலை முடித்து, மேடையைத் துடைத்து, சாப்பிடாமலே கிளம்பிப் போனாள். அப்புறம் வரவில்லை. கூப்பிட்டால் தேர்வு, ரெக்கார்ட் எழுத வேண்டும் என்று ஏதாவது சொன்னாள். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. திரும்பவும் ஃபேனைப் பார்த்துப் படுக்க ஆரம்பித்தார்.

கல்லூரியில் மதிய வேளைகளில் மறுபடி பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். நான் கேன்டீனில் லெமன் ரைஸ் வாங்கி அவள் பக்கம் தள்ளினால், "சாப்பிட்டுட்டேன்" என்பாள். கேன்டீன் சாப்பாட்டை அவள் ஒருநாளும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டதில்லை. "வீட்டுச் சோறுன்னா வேற. இது நீ எனக்குன்னு வாங்கறது" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அந்த வித்தியாசம் அவளுக்கு முக்கியமாக இருந்தது. அவள் கன்னம் உள்ளே போனது. சுடிதார் தோளில் நிற்காமல் நழுவியது.

ஒரு நாள் லேபில் டைட்ரேஷன் செய்துகொண்டிருந்தவள் பியூரெட் குழாயோடு சரிந்து விழுந்தாள். கண்ணாடி உடைந்து உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. கட்டுப்போட்ட டாக்டர் அம்மா, "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டார்.

"இட்லி."

"நேத்து நைட்?"

"இட்லி."

"மத்தியானம்?"

அவள் என்னைப் பார்த்தாள். "இட்லிதான் மேடம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார். பிறகு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அன்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரிக்காயிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். அவருக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை சொன்னதையும் சொன்னேன். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த அவர் கை பாதியில் நின்றது. "இத்தன நாள் ஏன் சொல்லல?" என்றார்.

மறுநாள் மதியம் என் போன் அடித்தது. அப்பாதான். "காலேஜ் கேட்டுக்கு வா. அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வா."

வெயிலில், வேலைச் சீருடையோடு, ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முந்தின இரவு வேலை பார்த்த கண்கள். கையில் அந்தக் கேரியர். அதன் பிடியில் ஒரு துண்டைச் சுற்றியிருந்தார். சூடாக இருந்திருக்க வேண்டும். அப்பா அடுப்புப் பற்றவைத்து நான் பார்த்ததே இல்லை. செக்யூரிட்டி அண்ணா அவரை யாரென்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் என் பின்னால் ஒதுங்கி நின்றாள். கட்டுப்போட்ட கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள்.

"வாங்கிக்கமா" என்றார் அப்பா. "நல்லா இருக்காது. சோறு கொழைஞ்சிருக்கும். ஆனா சாப்பிடு."

"இல்லங்க அப்பா, நான் சாப்பிட்டு..."

"சாப்பிடலன்னு தெரியும்." அதட்டலாக இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "வீட்டுக்கு வர வேணாம்மா. நாலு பேரு பேசறதுக்கு வழி வேணாம். சாப்பாடு வரட்டும்."

அவள் நல்ல கையால் வாங்கிக்கொண்டாள். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சோறு களியாக இருந்தது. சாம்பாரில் பருப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். தாளிப்பே இல்லை; அவருக்கு அது தெரியவில்லையோ, அந்த வாசனையை வரவழைக்க அவரே விரும்பவில்லையோ. நான் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டோம். படிப்பு முடியும்வரை அப்பாதான் சமைத்துக் கொடுத்தார். காலையில் வேலையிலிருந்து வந்து, குளித்து, நேராக அடுப்புக்குப் போவார். போகப் போகக் கை பழகிவிட்டது. அது அம்மாவின் சமையலாகவும் இல்லை, அத்தையின் சமையலாகவும் இல்லை. அவரும் அதைச் சாப்பிடக் கற்றுக்கொண்டார்.

இப்போது அவள் நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தங்கையையும் கூட்டிவந்து ஒரு சின்ன ஃப்ளாட்டில் வைத்திருக்கிறாள். சமையலறையில் நாலு பேருக்குக் காணும் அளவுக்கு அரிசியும் பருப்பும் அடுக்கியிருக்கிறது. தங்கை இரவில் போனைத் தட்டி பிரியாணி வரவழைத்துப் பாதியை மிச்சம் வைத்தால், இவள் சத்தம் போடாமல் எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து முடித்துவிடுகிறாள். பசி இருக்கிறதோ இல்லையோ, முடித்துவிடுகிறாள். "வேணாம்னு வெக்க முடியலடி. வயிறு நம்ப மாட்டேங்குது" என்கிறாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போயிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மழை. பழைய போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் போனில் அம்மா ஒரு கல்யாணத்தில் நாற்காலியில் உட்கார்ந்து யாரையோ பார்த்துச் சிரிக்கிற படம் வந்தது.

"இது யாரு?" என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். விளையாடவில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அம்மாவின் படத்தை அப்பா ஹாலில் மாட்டவே இல்லை. பெரிதாக்கி வந்ததைக் காகிதத்தைப் பிரிக்காமலே பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். அடக்கத்தன்று இவள் தெருவிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா" என்றேன்.

போனை என் கையிலிருந்து வாங்கினாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள், சின்னதாக்கிப் பார்த்தாள்.

"இவங்களா?" என்றாள். "நான் நல்லா உயரமா, கறுப்பா, பெரிய கையோட இருப்பாங்கன்னு நெனச்சிருந்தேன். இத்தன வருஷமா அப்படித்தான் மனசுல வருவாங்க. கனவுல கூட அவங்கதான் வருவாங்க."

அம்மா சின்ன உடம்புக்காரி. என் தோளுக்குத்தான் இருப்பாள். கைகள் குழந்தைக் கைகள் மாதிரி இருக்கும். வளையல் கடையில் அளவு கிடைக்காது. அதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே போனது. நான் பேசாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"அப்ப எனக்குச் சோறு போட்டது யாரு?" என்று கேட்டாள்.

கேலியாகக் கேட்கவில்லை. பதில் வேண்டும் என்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முகம் ஞாபகம் இருக்கிறது, ருசி போய்விட்டது என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். உள்ளே தங்கை குளியலறையில் பாடிக்கொண்டிருந்தாள். தோழி போனை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, உனக்கு டீ போடட்டுமா என்று கேட்டுக்கொண்டே எழுந்தாள்.